மூட்டையின் முதுகில் இன்னும் மூன்று வரி

முட்டைக்கோழித் தீவனம் தயாரிக்கும் ஆலைகளின் பொறுப்பாளர்களுக்கும், அங்கே கலவைக் கணக்குப் போடும் சத்துணவு நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தோட்ட வேலை குறைந்த பிறகு எங்கள் பக்கம் சிலர் வீட்டுக்குப் பின்னாலும் பழைய லயத்தை ஒட்டிய காலி நிலத்திலும் நூறு, இருநூறு என்று முட்டைக்கோழி வைத்திருக்கிறார்கள். என் தம்பி வீடும் அவற்றில் ஒன்று. நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கூண்டு கழுவுவதும் மூட்டை தூக்குவதும் தம்பியும் அவன் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுவதும் படித்துச் சொல்வதும் என் பங்கு.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் விற்கும் டெடாக் (கோழித் தீவன) மூட்டையில் இப்போது அச்சிடுவதோடு இன்னும் மூன்று செய்திகளைச் சேர்த்து அச்சிடுங்கள். இதிலுள்ள பாஸ்பரஸில் கோழிக்குப் பயன்படுவது எவ்வளவு, சுண்ணாம்புக் கல்லில் குறுணை எவ்வளவு தூள் எவ்வளவு, தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் பைட்டேஸ் நொதி சேர்த்திருக்கிறீர்களா, சேர்த்திருந்தால் அதற்காகப் பாஸ்பரஸைக் குறைத்தீர்களா. அவ்வளவுதான். கூடவே, முட்டையிடத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கான தீவனத்தை லாரிக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்லாமல் எங்களுக்கும் சிறு மூட்டையாக விற்க வழி செய்யுங்கள்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் நிபுணர்களுக்கு இதெல்லாம் பாடம். ஆனாலும் இந்த மடலைப் படிக்கப் போகிறவர்களில் கோழி வளர்ப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு முட்டை ஏறக்குறைய 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓடு அதில் பத்தில் ஒரு பங்கு, 6 கிராம் அளவு. அது கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். கால்சியத்தை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால் 2 கிராமுக்குச் சற்று மேல். இது சின்ன அளவாகத் தெரியலாம். கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருக்கிற கால்சியமே 20 கிராமை ஒட்டித்தான். ஆக ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான கால்சியத்தை அது வெளியே அனுப்புகிறது. ஆண்டுக்கு 300 முட்டை என்றால் 600 கிராமுக்கு மேல். தன் எலும்புக்கூட்டைப்போல் முப்பது மடங்கு! செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் விடியற்காலையில் கூவுகிற காட்டுக்கோழிதான் இவற்றின் மூதாதை. 2004 ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் முழுதாகப் படித்து வெளியிட்ட கோழி மரபணுத் தொகுப்பும் அந்தச் செங்காட்டுக்கோழிப் பெட்டை ஒன்றினுடையதே. அது ஓர் ஈட்டுக்குச் சில முட்டை இட்டு அடைகாக்கப் போய்விடும். பெரும்பாலும் அதே மரபணுக்களை வைத்துக்கொண்டுதான் கூண்டுக்கோழி அநேகமாக நாள் தவறாமல் முட்டையிடுகிறது.

இந்தக் கால்சியம் முழுவதும் குடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தேவை நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஓடு உருவாக 18 முதல் 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி தீனி எடுக்காத நேரத்தில் நடக்கிறது. விளக்கு அணைந்த பிறகு வயிற்றில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதிலிருந்து எடுக்க வேண்டும், போதவில்லை என்றால் எலும்பைக் கரைக்க வேண்டும். பெட்டைக் கோழிகளுக்கு இதற்கென்றே எலும்பின் உட்குழியில் ஒரு தனி எலும்பு வளர்கிறது. முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால், ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, அது உருவாகத் தொடங்கும். இரவில் கரைந்து பகலில் மறுபடி நிரம்பும் சேமிப்பு அது.

இப்போது குடலுக்கு வருகிறேன். குடலின் உட்சுவரில் இருக்கும் ஒவ்வோர் உயிரணுவிலும் கோழியின் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. கண்ணுக்கு வேண்டியதும் இறகுக்கு வேண்டியதும்கூட அங்கே இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. தோட்டத்துப் பெரட்டை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதை, பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செக்ரோல் எனும் ஆள் பதிவேட்டில் எல்லாப் பெயரும் எழுதியிருக்கும், இன்றைக்கு எந்த நிரைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்து அதற்கேற்பத்தான் கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர் கூப்பிடுவார். குடலணுவில் கால்சியத்துக்காகக் கூப்பிடும் வேலையைச் செய்வது பெரும்பாலும் வைட்டமின் டி. ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தால் கழுத்தடியிலுள்ள பாராத்தைராய்டு சுரப்பி ஹார்மோனை விடுகிறது. அது சிறுநீரகத்துக்குப் போய், அங்கே வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியைத் தூண்டுகிறது. அப்படி மாறிய வைட்டமின் குடலணுவுக்குள் நுழைந்து, தனக்கென்று இருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, மரபணு இழையில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டுகிறது. அங்கே ஒட்டியதும் சில மரபணுக்கள் வேலைக்கு அழைக்கப்படுகின்றன.

அவற்றில் பெயர் பெற்றது கால்பிண்டின். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசர்மனும் டெய்லரும் 1966 இல் இந்தப் புரதத்தைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் அதைக் கண்டதே கோழிக்குஞ்சின் குடலில்தான். (மனிதர்களுக்குப் பயன்படும் எத்தனையோ உண்மைகள் கோழியிடமிருந்து வந்தவை. நன்றியாக நாம் அதைக் குழம்பில் போடுகிறோம்.) குடலின் உட்புறத்திலிருந்து அணுவுக்குள் வரும் கால்சியத்தைப் பிடித்து, மறுபக்கம் ரத்தத்தை நோக்கிக் கொண்டுபோய் விடுவது கால்பிண்டின். அங்கிருந்து வெளியே தள்ளுவதற்கு வேறொரு புரதம் இருக்கிறது. கோழி முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் குடலில் கால்பிண்டின் கூடுகிறது. தீவனத்தில் கால்சியம் குறைந்தாலும் கூடுகிறது. தீவனத்தில் கால்சியம் மிதமிஞ்சினால் குறைகிறது.

கடைசி வாக்கியத்தை ஆலைக்காரர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓடு மெலிந்தது, தோல்முட்டை வருகிறது என்று எங்களில் யார் போய்ச் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு பாக்கெட் கால்சியம் கலந்து போடுங்கள். விற்பனைக்கு வரும் தம்பிமார்கள் நல்லவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தூளுக்கு மேல் தூளாகக் கொட்டினால் குடல் தன் இழுக்கும் ஏற்பாட்டைச் சுருக்கிக்கொள்கிறது. தீனியின் சுவையும் கெட்டு, கோழி சாப்பிடும் அளவும் குறைகிறது. எஞ்சிய கால்சியம் எச்சத்தில் போகிறது, போகிற வழியில் பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் பிடித்துக்கொண்டு போகிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால்பிண்டின் மட்டுமே வழி என்று யாராவது சொன்னால் அது தவறு. குடலில் கால்சியம் நிறைய இருக்கும்போது அணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாகவும் கணிசமாகக் கடந்து போகிறது. அந்தச் சந்துகளை இறுக்கியும் தளர்த்தியும் வைக்கிற கிளாடின் என்ற புரதக் குடும்பத்துக்கும் தனி மரபணுக்கள் உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 4 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால் இந்தச் சந்து வழியை அலட்சியப்படுத்த முடியாது. அதேபோல, ஆய்வகத்தில் ஒரு மரபணுவிலிருந்து புரதம் செய்யச் சொல்லி வரும் செய்தி கூடியது என்று அளந்தால் அதுவே ஓடு தடித்ததற்கு அத்தாட்சி ஆகிவிடாது. செய்தி புரதமாக வேண்டும், புரதம் வேலை செய்ய வேண்டும், பிறகுதான் ஓடு. இடையில் தடுப்பவையும் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ எனும் மிகச் சிறிய துணுக்குகள் அந்தச் செய்தியைப் பிடித்து முடக்கிவிடக்கூடியவை. இவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2024 இல் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முட்டைக்கோழியின் சிறுகுடலிலும் இப்போது இவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள். வயதுக்கு வயது, இனத்துக்கு இனம் எவை மாறுகின்றன என்பது அந்த ஆய்வுகளின் கேள்வி.

இவ்வளவையும் சொல்வது உங்களிடம் மரபணு ஆய்வு செய்து தாருங்கள் என்று கேட்பதற்காக அல்ல. குடல் இப்படி அளவு பார்த்து, நேரம் பார்த்து, வயது பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றால், அதற்குள் போகும் பொருள் எந்த அளவில், எந்த வடிவில் போகிறது என்பது கோழியை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியவில்லை.

சுண்ணாம்புக் கல்லின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுபோல் அரைத்த சுண்ணாம்பு சீக்கிரம் கரைந்து, சீக்கிரம் கீழே போய்விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் குறுணையாக இருந்தால் அரைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஓடு உருவாகும் நேரமும் அதுவே. அதனால் குறுணை கிடைக்கும் கோழி தன் எலும்பை அவ்வளவாகக் கரைக்க வேண்டியதில்லை. வயதான கோழிக்கு இது இன்னும் முக்கியம். முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டின் எடை அதே வேகத்தில் கூடாது, ஆகவே மெலியும். வைட்டமின் டி-யைச் செயல்பட வைக்கும் வேகமும் வயதோடு மந்தமாகிறது. உங்கள் மூட்டையில் ‘கால்சியம்’ என்று ஒரு விழுக்காடு போட்டிருக்கிறீர்கள். அதில் குறுணை பாதியா, காலா, ஒன்றுமே இல்லையா? தம்பி மனைவி மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து ஒரு படி டெடாக்கைச் சலித்துப் பார்த்தாள். மேலே நின்றதில் சோளத் துணுக்குதான் அதிகம். அதற்குள் வெள்ளையாக இருந்த சில துகள்களில் வினிகர் விட்டபோது நுரைத்தது, ஆக அவை சுண்ணாம்புதான். ஆனால் கைப்பிடிகூட இல்லை. அந்த மூட்டை யாருடையது என்று எழுதப்போவதில்லை. வேறு மூட்டையைச் சலித்தால் வேறு விதமாகவும் இருக்கலாம். சல்லடையை எடுக்காமலேயே எங்களுக்கு அது தெரிய வேண்டும் என்பதுதான் வேண்டுகோள்.

குறுணைக்குப் பஞ்சமான மாநிலமும் இல்லை இது. ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. பாதியைக் குடைந்தும் விட்டார்கள். கோலா செப்பெத்தாங் பக்கம் கெராங் எனும் சிப்பி வளர்க்கிறார்கள், அதன் ஓடும் கால்சியம் கார்பனேட்தான், கழுவி உடைத்தால் நல்ல குறுணை. பாட்டிமார்கள் முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிக் கோழிக்கே போட்ட வழக்கத்தில் விஷயம் இருக்கிறது, நன்றாக வறுத்துக் கிருமி போக்கினால் சரி. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்து கொடுக்கும் ஆள்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். அது நீர்த்த சுண்ணாம்பு, அரிக்கும் பொருள், கோழியின் வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கிவிடும்.

அப்புறம் பாஸ்பரஸ். இதில்தான் மூட்டை எங்களை முழுதாகக் குழப்புகிறது. சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. கோழியால் அதில் கொஞ்சத்தைத்தான் தானாக எடுக்க முடியும். மூட்டையில் ‘பாஸ்பரஸ்’ என்று மொத்த அளவை மட்டும் போட்டால், கோழிக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை எந்தக் கணக்கு போட்டும் நான் கண்டுபிடிக்க முடியாது. பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதி 1991 இலிருந்து தீவனத்துக்காக விற்பனையில் இருக்கிறது. நீங்களும் பயன்படுத்துவீர்கள் என்றே நினைக்கிறேன். நல்லதுதான். கனிமப் பாஸ்பேட் வாங்கும் செலவு குறையும், எச்சத்தில் போகும் பாஸ்பரஸும் குறையும். எச்சம் சாக்கடையில் இறங்கி எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும், இங்கிருந்து ஓடுவதெல்லாம் கடைசியில் பேராக் ஆற்றுக்குத்தான் போகிறது.

குடல் பாஸ்பரஸுக்கும் ஆள் கூப்பிடுகிறது. சோடியத்தோடு சேர்த்துப் பாஸ்பேட்டை அணுவுக்குள் இழுக்கும் ஒரு புரதம் உண்டு. தீவனத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் அதன் மரபணு சுறுசுறுப்பாகிறது, மிகுந்தால் அடங்குகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் ஏறினால் எலும்பிலிருந்து வேறொரு ஹார்மோன் கிளம்பி, சிறுநீரகம் வழியாக அதை வெளியேற்றச் சொல்கிறது. அதே ஹார்மோன் வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. விளைவு என்ன? கூடுதல் பாஸ்பரஸ், சுற்றிவளைத்து வந்து கால்சியத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. மறுபக்கம், கால்சியத் தூள் மிகுந்தால் அது பைட்டேட்டோடு சேர்ந்து கரையாத கட்டியாகி, பைட்டேஸையும் வேலை செய்யவிடாமல் ஆக்குகிறது. விற்பனைக்காரர் சொன்ன அந்தக் கூடுதல் பாக்கெட், நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த நொதியின் வேலையைக் கெடுக்கிறது. உங்கள் கணக்கை உங்கள் ஆளே கலைக்கிறார் என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

நுண்கனிமங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை அளவில் சிறியவை, வேலையில் அப்படியல்ல. ஓட்டின் கால்சியம் கார்பனேட்டில் கார்பனேட் என்ற பகுதி, ரத்தத்திலுள்ள கரியமிலவாயுவிலிருந்து வருகிறது. அதை மாற்றிக்கொடுக்கும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். ஓட்டின் உட்சவ்வு இறுக்கமாக நெய்யப்படச் செம்பு வேண்டும். ஓடு படியும் அடித்தளத்துக்கு மாங்கனீஸ் வேண்டும். துத்தநாகம் மிகுந்தால் குடலணு மெட்டலோதயோனின் என்ற புரதத்தின் மரபணுவை எழுப்புகிறது. அந்தப் புரதம் செம்பையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த அணு உதிரும்போது செம்பும் வெளியே போய்விடும். ‘மினரல் மிக்ஸ்’ பாக்கெட்டைத் தீவனத்தின் மேல் தூவுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையான விவரம் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் கலவைக் குறிப்புகள் எந்த நாட்டுக் கையேட்டிலிருந்து வந்தாலும், கோழி நிற்பது இங்கே, தகரக் கூரைக்குக் கீழே. மதியம் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமிலவாயு வெளியேறுகிறது. ஓட்டின் கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும் என்று இப்போதுதான் சொன்னேன். அதனால் கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் வெயில் நாளில் ஓடு மெலியலாம். அதோடு தீனி எடுப்பதும் குறைகிறது. நாளுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்கு 4 விழுக்காடு கால்சியம் என்றால் 4.4 கிராம் கிடைக்கும். வெயிலில் 95 கிராமாகக் குறைந்தால் 3.8 கிராம்தான். இதைச் சரிக்கட்ட மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு குறுணையைத் தனித்தொட்டியில் வைக்கலாம். ஓடு உருவாகிக்கொண்டிருக்கும் கோழி அந்த நேரத்தில் தானாகவே கால்சியத்தைத் தேடிப் போகும். தண்ணீரில் அளவாகச் சோடியம் பைகார்பனேட் கலக்கலாம், கூரைக்குத் தண்ணீர் தெளிக்கலாம். பாக்கெட் விற்பவருக்கு இவற்றில் லாபம் இல்லை என்பது உண்மைதான்.

இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளுக்கு வருகிறேன். மேலே கேட்ட சிறு மூட்டை இவற்றுக்காக. வளரும் கோழியின் தீவனத்தில் கால்சியம் 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், முட்டையிடும் கோழிக்கு 4 விழுக்காட்டை ஒட்டி. நேரடியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் இரண்டு ஆபத்து. சீக்கிரமே தாவினால், அவ்வளவு கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெடும், உள்ளுறுப்புகளில் வெள்ளையாக யூரிக் உப்புப் படியும். தாமதமாகத் தாவினால், உள்ளெலும்புச் சேமிப்பு நிரம்பாமலே முட்டை தொடங்கிவிடும், அந்தக் கடனைக் கோழி காலம் முழுக்கத் தன் எலும்பிலிருந்து கட்டும். இடையில் 2 முதல் 2.5 விழுக்காடு உள்ள தீவனம் கொடுத்தால் எலும்பும் தயாராகும், குடலும் பழகிக்கொள்ளும். குடலின் உட்சுவர் அணுக்கள் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருபவை. புதுச் சூழ்நிலைக்கேற்ற புரதங்களோடு அவை தயாராவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால்தான் நடக்கும். பெரிய பண்ணைகளுக்கு நீங்கள் இந்த இடைத் தீவனத்தை அனுப்புகிறீர்கள். எங்களிடம் வரும்போது ‘ஆர்டர் அளவு போதாது’ என்கிறார்கள். எங்கள் பகுதியில் வளர்ப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாரத்தில் குஞ்சு எடுக்கத் தயாராக இருக்கிறோம். அப்படிச் செய்தால் எவ்வளவு மூட்டைக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இனமும் ஒரு விஷயம். ஜெர்மனியில் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வுக் குழு, பழுப்பு முட்டையிடும் லோமன் கோழியையும் வெள்ளை முட்டையிடும் லோமன் கோழியையும் ஒரே தீவனத்தில் வைத்து ஒப்பிட்டது. பாஸ்பரஸைக் கையாள்வதில் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. எங்கள் பக்கம் இருப்பது அநேகமாகப் பழுப்புக் கோழிதான். மூட்டையில் ‘முட்டைக்கோழிக்கு’ என்று பொதுவாகப் போட்டிருப்பது யாரை மனத்தில் வைத்து என்று தெரியவில்லை. இதற்கு உடனே பதில் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, இன்னும் தெளிவாக வேண்டிய ஆய்வு அது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. சட்டப்படி வேண்டியதை அச்சிடுகிறோம் என்பீர்கள். 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தீவனச் சட்டம், 698 ஆம் சட்டம், நடப்பில் இருக்கிறது. நீங்கள் அதை மீறுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டம் கேட்பதோடு நின்றுகொள்ள வேண்டும் என்றும் இல்லையே. மூலப்பொருள் விலைக்கு ஏற்பக் கலவை மாறும், எண்ணை அச்சிட்டால் கட்டுப்பட வேண்டும் என்பீர்கள். சோளமும் சோயாவும் கப்பலில் வருகின்றன, விலை ஏறி இறங்குகிறது, ரிங்கிட்டும் ஏறி இறங்குகிறது, அது புரிகிறது. ஒரே எண் வேண்டாம், இன்ன அளவிலிருந்து இன்ன அளவுக்குள் என்று போடுங்கள். கலவை மாறிய தொகுப்பு என்றால் மூட்டையில் ஒரு குறி வையுங்கள். புது மூட்டைக்கு மாறும் சமயத்தில் பழையதையும் புதியதையும் கலந்து சில நாள் கொடுத்துக் குடலைப் பழக்க எங்களுக்குத் தெரியும். மாறியதே தெரியாதபோது எப்படிப் பழக்குவது?

சிறு வளர்ப்பாளர்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். அவருக்கு என்ன மறுமொழி சொல்வது! சம்பளச் சீட்டில் ஒரு நாள் வேலை குறைந்தாலும் கண்டுபிடித்துக் கேட்ட தோட்டத்து ஜனங்கள் இவர்கள். மூட்டையில் எழுதியிருந்தால் படிப்பார்கள். மலாயில் எழுதினால் போதும், தமிழிலும் சீனத்திலும் ஒரு துண்டுத்தாள் வைத்தால் மிக நல்லது. தமிழில் எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் கூலி வாங்காமல் நான் எழுதித்தருகிறேன், உங்கள் நிபுணர் சரிபார்த்தால் போதும்.

இப்போது ஏன் இந்த அவசரம் என்றும் கேட்கலாம். 2022 கடைசியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல்லிலிருந்து முட்டை இறக்குமதியானது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் தாத்தாமார் கப்பலேறி வந்த நாட்டிலிருந்து முட்டையும் வந்து சேர்ந்தது என்று பசாரில் சிரித்துக்கொண்டோம். அதன் பிறகு மானியம் குறைந்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கு மானியமும் இல்லை, விலைக் கட்டுப்பாடும் இல்லை. பெரிய பண்ணை விலையைத் தானே வகுத்துக்கொள்ளும். எங்கள் நிலைமை வேறு. கடைக்காரர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், கீறல் விழுந்ததைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அது கேக் போடும் வீட்டுக்குப் பாதி விலைக்குப் போகும், இல்லை எங்கள் வீட்டுக் குழம்புக்குப் போகும். ஓட்டின் தடிப்பு எங்களுக்கு நேரடியாக வருமானம். உங்களுக்கு அது புகார்த் தாளில் இன்னொரு வரி.

எங்கள் பக்கமிருந்தும் சில காரியங்களைச் செய்து தருகிறோம். தம்பியும் அக்கம்பக்கத்து வளர்ப்பாளர்களும் தீனி எடுக்கும் அளவு, கீறல் முட்டை, தோல்முட்டை, கோழியின் வயது, எந்தத் தொகுப்பு மூட்டை என்பதையெல்லாம் நோட்டில் எழுதுகிறார்கள். அந்த நோட்டுகளை உங்களுக்குக் கொடுக்கிறோம். எந்த ஆலை முதலில் அந்த மூன்று வரியை அச்சிடுகிறதோ அதன் தீவனத்தை ஒரு கொட்டகையிலும், இப்போது வாங்குவதைப் பக்கத்துக் கொட்டகையிலும் கொடுத்து, ஒரே இனம், ஒரே வயதுக் கோழிகளில் ஒப்பிட்டுப் பார்க்க இடம் தருகிறோம். உங்கள் நிபுணர் வந்து பார்க்கலாம். மதியம் வந்தால் தகரக் கூரையின் சூட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம், மாலை வரை இருந்தால் கோழி எந்தத் தொட்டிக்குப் போகிறது என்பதையும் பார்க்கலாம்.

அடுத்த குஞ்சு எடுப்பதைச் சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு முன்னால், சிறு மூட்டைக்கு எவ்வளவு ஆர்டர் வேண்டும் என்ற ஒரு பதிலாவது வந்தால், எத்தனை வீடு சேர வேண்டும் என்று முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து, முட்டைக்கோழி வளர்க்கும் குடும்பங்களின் சார்பில்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை